என் மகள் இழுத்து மூடிய கர்ட்டன்

2001-ஆம் வருடம், நோன்பு மாதம். நாங்கள் அப்போது நியூஜெர்சியில், ஐசலினுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் குடியிருந்தோம். செப்டம்பரில் நடந்ததற்குப் பிறகு வந்த முதல் நோன்பு அது. எந்தச் செப்டம்பர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை என்று எல்லா வாசலிலும் அமெரிக்கக் கொடி தொங்கியது. எங்கள் பழைய காரில் முன் கண்ணாடியில் ஒரு கொடி, பின் கண்ணாடியில் ஒரு கொடி. போதாது என்று ஆன்டெனாவிலும் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு ஏதோ எலெக்‌ஷனில் நிற்கிறவருடைய கார் மாதிரி இருக்கும். எல்லாம் என் கணவரின் ஏற்பாடு. அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, எச்-1 விசா. கம்பெனியில் வாராவாரம் யாரையாவது வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நம்ம இருக்கற எடம் தெரியாம இருந்துட்டுப் போயிரணும். கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று தினமும் ஆபீஸ் கிளம்பும்போது எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

நாங்கள் ராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள். ஊரில் முக்காடு போட்டு வளர்ந்தவள் நான். அமெரிக்கா வந்ததும் அது ஸ்கார்ஃப் ஆனது. செப்டம்பருக்குப் பிறகு ஸ்கார்ஃபை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குளிருக்குப் போடுகிற கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டேன். தலையும் மறைந்தது, யாரும் கேள்வியும் கேட்கவில்லை. ஹீட்டர் கொதிக்கிற கடைக்குள்ளும் நான் குல்லாவைக் கழற்றமாட்டேன். 'பாவம், வெயில் ஊர்க்காரி' என்று நினைத்திருப்பார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வெளியே போனால் என்னை 'உம்மா' என்று கூப்பிடக் கூடாது, 'மம்மி' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளைப் பழக்கினேன். அந்த வருடம்தான் அவள் முதன்முதலாக நோன்பு வைக்கிறேன் என்று அடம்பிடித்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் முதல் நோன்பென்றால் புது உடுப்பு எடுத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, மாலை போட்டுக் கொண்டாடுவோம். நான் என் மகளுக்குச் செய்தது என்ன தெரியுமா? "லஞ்ச் டைம்ல ஏன் சாப்பிடலன்னு கேட்டா வயித்து வலின்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

அவளும் சொன்னபடி செய்தாள். சில நாளில் ஸ்கூல் நர்ஸிடமிருந்து போன் வந்தது. உங்கள் பெண்ணுக்கு அடிக்கடி வயிற்று வலி வருகிறதே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று அந்த அம்மா உண்மையான கவலையோடு கேட்டார். நான் எதையெதையோ சொல்லிப் பூசி மெழுகினேன். போனை வைத்ததும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பித்தோம் என்கிற நிம்மதிதான் அதிகம்.

இவ்வளவையும் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள், அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரு யூதத் தோழி. இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. ஆனால் பிள்ளைகள் மூலமாக நாங்கள் பழகவில்லை. எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு மார்ஷ்மெல்லோ பாக்கெட்.

அதற்கு முந்தின வருடம் சூப்பர் மார்க்கெட்டில் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் போடுகிற ஜெலட்டின் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. பக்கத்தில் இன்னொரு பெண்மணியும் அதே மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் பாக்கெட்டை ஷெல்ஃபில் திருப்பி வைத்தோம். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் மதச் சட்டப்படி ஆகுமான சாப்பாட்டுக்குக் கோஷர் என்று பெயர். நாங்கள் ஹலால் பார்க்கிற மாதிரி அவர்கள் அதைப் பார்ப்பார்கள். பாக்கெட்டில் எந்த அடையாளத்தைத் தேட வேண்டும், எந்தக் கடையில் பன்றி கலக்காத மார்ஷ்மெல்லோ கிடைக்கும் என்றெல்லாம் அங்கேயே நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மளிகையில் பாதி அவர் சொல்லி வாங்கியதுதான்.

அவர் என்னைப் போல பதுங்குகிற ஆள் இல்லை. சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சண்டையும் போடுவார். சனிக்கிழமை கார் ஓட்டமாட்டார். அன்று ஸ்கூலில் எதை வைத்தாலும், "எங்களுக்கு ஓய்வு நாள், வரமாட்டோம்" என்று பளிச்சென்று சொல்லிவிடுவார். எனக்கு அதைப் பார்த்தால் மலைப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

ஆனால் அவருக்கும் ஒரு கவலை இருந்தது. அவர் மகள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்று அழ ஆரம்பித்திருந்தாள். டிசம்பர் வந்துவிட்டால் கடை, டிவி, ஸ்கூல் எல்லாம் ஒரே கிறிஸ்துமஸ்தானே. அதே நேரத்தில் வருகிற அவர்களுடைய ஹனுக்கா பண்டிகையைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா வீட்டுக்குள்ள பண்றது" என்று அந்தப் பெண் சொன்னாளாம். அதுதான் அவரைச் சுட்டுவிட்டது. தங்கள் பண்டிகைப் பாட்டை ஒரு தடவையாவது தன் கூடப் படிக்கிற பிள்ளைகள் வாயால் மகள் கேட்க வேண்டும், இல்லையென்றால் அது ஏதோ ஒளித்துவைக்க வேண்டிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடுவாள் என்றார்.

ஸ்கூலில் டிசம்பர் மாதம் ஒரு பாட்டுக் கச்சேரி உண்டு. கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு ஒப்புக்குச் சப்பாணியாக, ஹனுக்காவில் பிள்ளைகள் சுற்றி விளையாடுகிற பம்பரத்தைப் பற்றி ஒரு குழந்தைப் பாட்டும் இருக்கும், அதுதான் யூதர்களுக்கென்று ஒதுக்கியது. தோழி கேட்டது அதை இல்லை. மெழுகுவத்தி ஏற்றியதும் வீட்டிலும் கோயிலிலும் எல்லோரும் சேர்ந்து பாடுகிற, அவர்களுடைய ஹீப்ரு மொழிப் பாட்டைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து மேடையில் பாட வைக்க வேண்டும் என்று கேட்டார். மியூசிக் டீச்சருக்கு மனசுதான். ஆனால் பெற்றோர் கமிட்டியில் சிலர், ஒரு குடும்பத்துக்காக நிகழ்ச்சியை மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்களே என்று இழுத்தார்கள்.

தோழி என்னிடம் வந்தார். அந்த வருடம் எங்கள் நோன்பின் கடைசி நாட்களும் பெருநாளும் அவர்களுடைய பண்டிகையும் ஒன்றாக வந்தன. "நீயும் உன் பெருநாளுக்கு ஒரு பாட்டு கேள். நான் மட்டும் கேட்டால் ஒற்றைக் குடும்பத்தின் தொந்தரவு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் அது ஸ்கூலின் விஷயம்" என்றார். எங்களிடம் பாட்டு உண்டா என்று கேட்டார். உண்டா என்றா கேட்டார்! எங்கள் ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பைத்துப் படிப்போம். அரபியும் தமிழும் கலந்து, நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து பாடுகிற பாட்டு. ஒருத்தி முதல் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். கல்யாணம் ஆகிற வரைக்கும் எங்கள் தெருவில் எடுத்துக்கொடுக்கிறவள் நான்தான். அவருக்கு ஒரு பாட்டைச் சமையலறையில் நின்றபடியே பாடியும் காட்டினேன். அவர் மேஜையில் தாளம் தட்டினார். மீட்டிங்குக்கு வருகிறேன், கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நோன்பு தொடங்கிய வாரத்தில் ஸ்கூல் லைப்ரரியில் அந்த மீட்டிங் நடந்தது. கணவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் போகவிடமாட்டார். குல்லாவைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஏழெட்டுத் தாய்மார்கள், மியூசிக் டீச்சர், நாங்கள் இரண்டு பேர். தோழி நன்றாகப் பேசினார். அன்று சத்தம்கூடப் போடவில்லை. பேசி முடித்துவிட்டு, "இது எங்கள் ஒரு குடும்பத்தின் ஆசை மட்டுமில்லை" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வருடக் கமிட்டித் தலைவி ரொம்ப நல்ல மாதிரியான பெண்மணி. நான் திணறுகிறேன் என்று நினைத்து எனக்கு உதவப் பார்த்தார். "நீங்கள் இந்தியா, இல்லையா? ஹிந்து. உங்களுடைய விளக்குப் பண்டிகை போன வாரமே முடிந்துவிட்டதே?" என்று சிரித்தபடி கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"இந்த சீசனுக்கு உங்களிடம் ஏதாவது பாட்டு உண்டா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். பாட்டெல்லாம் ஒன்றும் இல்லை, நீங்கள் எதைப் பாடினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். என்ன ஒரு பெருந்தன்மை என்று அந்தத் தலைவி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். யாரோ என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான், பேச்சு அங்கேயே முடிந்தது. பம்பரப் பாட்டே இருக்கட்டும் என்று முடிவானது.

தோழி நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் என்னை அங்கேயே சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் கோட்டை எடுத்துப் பட்டன் போட ஆரம்பித்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. நான் அவர் கூடப் பார்க்கிங் வரைக்கும் நடக்காமல், பாத்ரூமுக்குப் போகிற சாக்கில் நழுவினேன்.

வீட்டுக்கு வந்து எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். விசா இருக்கிறது, கணவர் வேலை இருக்கிறது, காலம் சரியில்லை. ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு கடைக்குப் போன ஒரு பெண்ணைப் பார்க்கிங்கில் யாரோ கண்டபடி திட்டியதாக எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதெல்லாம் பொய் இல்லை. ஆனாலும் தோழிக்குப் போன் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். ஹனுக்காவில் ஒரு நாள் மாலை எங்களைத் தன் வீட்டுக்கு வரும்படி தோழி முன்பே கூப்பிட்டிருந்தார். மகள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இனிமேல் எங்கே கூப்பிடப்போகிறார், போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லப்போனால் அதைத்தான் விரும்பினேன். போன் வந்தது. குரலில் பழைய கலகலப்பு இல்லை. ஆனால் அவர் கேட்டது, "அன்றைக்கு உங்களுக்கு நோன்பு திறக்கிற நேரம் என்ன?" என்பதுதான்.

கணவர் ஆபீஸில் வேலை இருக்கிறது என்று வரவில்லை. நானும் மகளும் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போனோம். கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள், நம்முடைய அடை மாதிரி. தோழியின் கணவர், மகள், அவர்களுடைய நண்பர்கள் என்று வீடு நிறைய ஆள். எங்கள் இரண்டு பேருக்கென்று தனியாக ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் தயாராக இருந்தன. நோன்பு திறந்ததும், தொழுவதற்கு மாடி அறையைக் காட்டினார். மகள் அங்கே போனவுடன் வழக்கம்போல முதலில் ஜன்னல் கர்ட்டனை இழுத்து மூடினாள். நான் அதைக் கவனித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டில் தொழுகைக்கு நின்றால் முதலில் கர்ட்டனை மூடுவதுதான் பழக்கம்.

கீழே வந்தோம். நன்றாக இருட்டியிருந்தது. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலின் ஓரத்தில் ஒரு சின்ன மேஜை, அதன் மேல் வரிசையாகக் கிளைகள் வைத்த ஒரு மெழுகுவத்தி ஸ்டாண்ட். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எட்டு நாளும் ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றுவார்களாம். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். தோழி மெழுகுவத்திகளை ஏற்ற, அவர் கணவர் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார்.

என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மெழுகுவத்தியைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கவாட்டில் ஒதுக்கிவைத்திருந்த கர்ட்டனை இரண்டு கையாலும் பிடித்து, சர்ரென்று மேஜைக்குக் குறுக்கே இழுத்தாள். துணியின் ஓரம் மெழுகுவத்திகளுக்கு ஒரு விரல் தூரத்துக்கு வந்துவிட்டது. தோழியின் கணவர் பாய்ந்து துணியைப் பிடித்தார். தோழி ஸ்டாண்டை இழுத்தார். யாரோ "ஓ காட்" என்றார்கள்.

நல்ல வேளை, ஒன்றும் பற்றவில்லை. மகள் மிரண்டுபோய் நின்றாள். தோழி அவளிடம் குனிந்து, ஏன் மூடினாய் என்று திட்டாமல்தான் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நாம் ப்ரே பண்ணும்போது வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் நாம் யார் என்று தெரிந்துவிடும், உம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நீங்கள் மூட மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்றும் சொன்னாள்.

அந்தக் கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட பரவாயில்லை. நான் அப்படியே கூனிக் குறுகிப்போனேன். குல்லாவுக்குள் தலை வியர்த்துக் கொட்டியது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று கதையில் படிப்போமே, அன்று நிஜமாகவே அப்படி ஆசைப்பட்டேன்.

தோழி கர்ட்டனைப் பழையபடி ஒதுக்கிக் கட்டினார். மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இந்த மெழுகுவத்தியை ஜன்னலில் வைப்பதே தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்பதற்காகத்தான் என்று விளக்கினார். எங்கள் கதையை நாங்கள் ஊருக்குச் சொல்கிற வழி இது என்றார்.

"கெட்டவங்க பார்த்துட்டா?" என்று என் மகள் கேட்டாள்.

அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்றார் தோழி. ரொம்ப காலத்துக்கு முன்பே பெரியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்களாம். ஆபத்தான காலமாக இருந்தால் ஜன்னலில் வைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் மேஜை மேல் ஏற்றிவைத்தாலே போதும், கடவுள் அதை முழுசாக ஏற்றுக்கொள்வார். "அப்படிச் செய்கிறவர்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை" என்றார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்காகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. அந்த லைப்ரரியில் நான் கைவிட்ட அந்த மனுஷி, தன்னுடைய மதத்திலிருந்தே ஒரு சலுகையை எடுத்து எனக்குக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு பாட ஆரம்பித்தார்கள். கமிட்டி வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பாட்டு. பாடுகிறவர் என்றும் கேட்கிறவர் என்றும் அங்கே யாரும் தனியாக இல்லை. சுருதி சேராத குரல்கள், மேஜையைத் தட்டுகிற பிள்ளைகள், நடுவில் வரியை மறந்துவிட்டு ம்ம்ம் என்று சமாளிக்கிறவர்கள். தோழியின் மகள் தாளத்துக்குக் குதித்தபடி உரக்கப் பாடினாள். அந்தப் பெண் அதே மாதிரி ஸ்கூல் மேடையில் பாடியிருக்க வேண்டியவள். எங்கள் ஊர்ப் பைத்து வட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருந்தது. பாஷைதான் வேறு. எனக்குள்ளும் ஒரு பைத்தின் முதல் அடி கிளம்பி வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டின்போது தோழியின் கணவர், வந்திருக்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று ஆரம்பித்துவைத்தார். ஒவ்வொருவராகப் பாடி என் முறை வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தோழி குறுக்கே புகுந்து, "அவர் பகல் முழுவதும் பட்டினி, நிம்மதியாகச் சாப்பிடட்டும்" என்று சொல்லி, அடுத்தவரைக் கைகாட்டினார். எங்களிடம் பாட்டே இல்லை என்று நான் சொன்ன பொய்யை, அது பொய் என்று தெரிந்தும், தன் வீட்டில் கட்டிக்காத்தார்.

மகள் என் காதருகில் வந்தாள். "பட் உம்மா, யூ நோ ஸோ மெனி. கிச்சன்ல பாடுவீங்களே?" என்றாள். வழக்கமாக ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், பாதி தமிழில் கேட்டாள்.

அப்போதாவது பாடியிருக்கலாம். அந்த வீட்டில் என்னை யார் என்ன செய்யப்போகிறார்கள்? எல்லோருக்கும் நான் யார் என்று தெரியும். கர்ட்டனைத் திறந்துவைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் அவர்கள். நான் மேஜைக்கு அடியில் மகளின் கையைப் பிடித்து அழுத்தினேன். வாயை மூடு என்பதற்கு எங்களுக்குள் அதுதான் அடையாளம். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

காரில் திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து கேட்டாள், இது அந்த டேஞ்சர் டைமா என்று. ஆமாம் என்றேன்.

பெருநாள் வந்தது. பிறகு கச்சேரியும் வந்தது. பிள்ளைகள் பனி மனிதனைப் பற்றிப் பாடினார்கள், பம்பரத்தைப் பற்றிப் பாடினார்கள். தோழியின் மகள் மூன்றாவது வரிசையில் நின்று ஒழுங்காகப் பாடினாள். முகத்தில் ஒரு உற்சாகமும் இல்லை. தோழி எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கைதட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் கைதட்டினோம்.

அடுத்த சில மாதத்தில் என் கணவரின் வேலை போனது. வாயை மூடிக்கொண்டு இருந்தும் எதுவும் நிலைக்கவில்லை. டெக்சஸில் வேறு வேலை கிடைத்து, சாமான்களைக் கட்டினோம். பெட்டிகளை ஒட்ட உதவி செய்யத் தோழி வந்திருந்தார். கடைசி நாள் என்பதால் எனக்கும் தைரியம் வந்தது. அந்த மீட்டிங்கைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். அவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, பொய் சொல்லமாட்டேன், உன் மேல் ரொம்ப கோபமாகத்தான் இருந்தேன், விருந்துக்கு வராதே என்று சொல்லக்கூடப் போனை எடுத்தேன் என்றார். அப்புறம் ஏன் நோன்பு திறக்கிற நேரத்தைக் கேட்டீர்கள் என்றேன். "உன் பெண் என்ன தப்பு செய்தாள்?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே மிச்சப் பெட்டிகளை ஒட்டினோம்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கே டெக்சஸில் நான் பழையபடி ஸ்கார்ஃப் போடுகிறேன். யாராவது கேட்டால் முஸ்லிம் என்று சொல்கிறேன். வீட்டில் கர்ட்டன் திறந்துதான் கிடக்கிறது. மகளுக்குப் பைத்துச் சொல்லிக்கொடுக்கவும் பார்த்தேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஹோம்வொர்க் இருக்கிறது என்று எழுந்துபோய்விட்டாள்.

போன பெருநாளன்று வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய ஹாலில் தொழுகை. தொழுகைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து தக்பீர் சொல்வோம், இறைவனைப் பெருமைப்படுத்துகிற சில வரிகளை ஒரே ராகத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆயிரம் பேர் குரல் ஒன்றாகச் சேரும்போது யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். பெண்கள் பக்கத்தில் நான் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்கிற மகளின் குரல் மட்டும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லோரோடும் சேர்ந்து அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்கூடத் தப்பாமல் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

தோழி சொன்ன சட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நிஜமாகவே ஆபத்தில் இருந்தவர்களுக்காக, அவர்கள் வெட்கப்படாமல் இருப்பதற்காக, அந்தப் பெரியவர்கள் கருணையோடு எழுதிவைத்த சட்டம் அது. அந்த லைப்ரரியிலும் அந்தச் சாப்பாட்டு மேஜையிலும் எனக்கு ஓர் ஆபத்தும் இருக்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். என் மகளுக்குத்தான் அது இன்றுவரை தெரியாது.